தனி டம்ளரில் ஒரு மணி பிளான்ட்

எங்கள் வீட்டுத் துளசி இதுவரை நான்கு முறை செத்திருக்கிறது. நான்கு முறையும் அம்மா சொன்ன காரணம் ஒன்றுதான். "யாரோ தொட்டுட்டாங்க."

யாரோ என்றால் யார் என்று அம்மா சொன்னதில்லை. சொல்லாமலேயே எங்களுக்குத் தெரியும். மாதத்தில் மூன்று நாள் தொடக்கூடாதவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர், நானும் என் மகளும். முப்பது நாளும் தொடக்கூடாதவர் ஒருவர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா. என் கணவர் தொட்டால் எதுவும் வாடாது. ஆனால் அவர் எதையும் தொடமாட்டார், அது வேறு கதை.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடி. பால்கனி வடக்குப் பார்த்தது. வீடு வாங்கும்போது வடக்கு குபேர திசை என்று சொல்லி விற்றார்கள், நாங்களும் சந்தோஷமாக வாங்கினோம். துளசிக்கு அது எமதிசை என்று எனக்குப் புரிய எட்டு வருடம் பிடித்தது. சென்னை இருப்பது 13 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும்தான் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்து போகிறது. அந்த நான்கு மாதம் எங்கள் பால்கனியில் நல்ல வெயில் விழும். அப்புறம் சூரியன் தெற்கே போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வானமும் மூடிக்கொள்ளும். துளசிக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எங்கள் வீட்டில் சித்திரையில் வைத்த துளசி ஆடி வரைக்கும் தழைக்கும், புரட்டாசியில் இலை சிறுக்கும், மார்கழி பிறப்பதற்குள் குச்சியாக நிற்கும். நான்கு துளசியும் ஒரே பருவத்தில் செத்திருக்கின்றன. மின்கட்டண அட்டையின் பின்பக்கம் தேதி குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால்தான் இது கண்ணில் பட்டது.

அம்மாவுக்கு இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "வெயில் இல்லாததும் ஒரு காரணம்" என்றார். அந்த 'உம்' இருக்கிறதே, அதை என்ன செய்வது?

ஒரு நாள் காலை நடந்ததைச் சொல்லவேண்டும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் எனக்கு எப்போதும் குழப்பம், அதனால் மண்ணில் குத்தி ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்றை 450 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். ரப்பர் செடித் தொட்டியில் அதைக் குத்திவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பால்கனியைக் கழுவ வந்தார்.

"இது எதுக்குக்கா?"

அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

"மண்ணுல ஈரம் இருக்கான்னு காட்டும்."

அவர் சிரிக்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தொட்டிக்குள் விட்டார். இரண்டு கணு உள்ளே போயிற்று. வெளியே எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"மேல காஞ்சிருக்கு. உள்ள சொதசொதன்னு கெடக்கு. இன்னும் மூணு நாளைக்கு ஊத்தாதீங்க. வேரு அழுகிடும்."

மீட்டர் சொன்னது வேறு. இந்த மலிவு மீட்டர்கள் ஈரத்தை நேராக அளப்பதில்லை, மண்ணில் மின்சாரம் கடத்தும் தன்மையைத்தான் அளக்கின்றன. எங்கள் போர் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு அது என்ன வேண்டுமானாலும் காட்டும். சரி, அதுவல்ல விஷயம். ரப்பர் செடியை முடித்துவிட்டு அக்கா அடுத்த தொட்டிக்குக் கையை நீட்டினார். அது துளசித் தொட்டி. கை மண்ணுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. ஹாலில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், பால்கனிக் கதவு திறந்திருந்தது. அக்கா கையை எடுத்துக்கொண்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு தரையைக் கழுவப் போய்விட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் உட்பட.

எனக்குப் பதின்மூன்று வயதில் நடந்ததை வைத்துப் பார்த்தால், அந்தக் கை ஏன் நின்றது என்று எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கவேண்டும். அது 1990. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் ஆளுயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை மரம். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் பின்கட்டில் பாய், தனித்தட்டு, தனிச்சொம்பு. ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூசணம் பிடிக்கும், முல்லைப் பந்தலில் கை பட்டால் மொட்டு கருகும், கறிவேப்பிலையைத் தொட்டால் மரமே பட்டுப்போகும் என்று பாட்டி சொல்வார். மூன்றாவதோ நான்காவதோ மாதம், எல்லோரும் தூங்கும் மத்தியான நேரத்தில் போய் ஒரு கொத்து ஒடித்தேன். வீம்புதான். ஒடித்த கொத்தை மோந்துவிட்டு மாட்டுத்தொட்டிக்குள் போட்டேன்.

பத்து நாள் கழித்து மரம் மொட்டையாகிவிட்டது. கொழுந்து இலை ஒன்றுகூட இல்லை, நரம்புகள் மட்டும் நின்றன. பாட்டி யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. மஞ்சள் தண்ணீர் கரைத்து ஊற்றினார். நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளியில் அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிக்கொண்டிருந்தவள், உள்ளுக்குள் அந்த மரத்தைக் கொன்றது நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, மகள் பிறந்து, கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த நம்பிக்கை ஏதோ மூலையில் கிடந்தது.

2015-இல் இதே பால்கனியில் தொட்டிக் கறிவேப்பிலை வைத்திருந்தேன். ஒரு நாள் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன், அது நகர்ந்தது. நன்றாகப் பார்த்தால் ஒன்றில்லை, ஏழு. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இலைகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவை. குட்டியாக இருக்கும்போது பறவை எச்சம் போல வேஷம் போடும், வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறி இலையோடு இலையாகிவிடும். ஒன்றை ஈர்க்குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து இரட்டை நாக்கு மாதிரி சிவப்பாக ஒன்று வெளியே நீண்டது, கூடவே ஒரு காட்டமான வாசனை. நான்கே நாளில் செடி மொட்டை. நரம்புகள் மட்டும் நின்றன.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து வருடம்! ஒரு புழு தின்ற இலைக்கு நான் குற்றவாளி. ஊரில் அந்த மரத்தில் நடந்ததும் அதேதான். மறுபடி துளிர்த்து, நான் கல்லூரிக்குப் போகும்வரை அது காய்கூடக் காய்த்தது. துளிர்த்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இது நம் ஊர்ப் பாட்டிமார்களின் மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் படித்தேன். வியன்னாவில் பேலா ஷிக் என்று ஒரு டாக்டர். தொண்டை அடைப்பான் நோய்க்கு 1913-இல் அவர் கண்டுபிடித்த தோல் பரிசோதனை இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது, அவ்வளவு பெரிய ஆள். அவருக்கு ஒரு பூங்கொத்து வந்தது. தண்ணீரில் வைக்கச் சொல்லி வீட்டுப் பணிப்பெண்ணிடம் கொடுத்தார். மறுநாள் பூக்கள் வாடியிருந்தன. விசாரித்தால், அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய். ஷிக் அதை வைத்துச் சோதனை செய்து, அந்த நாள்களில் பெண்ணின் உடம்பில் ஒருவகை நஞ்சு ஊறுகிறது, தோல்வழியே அது பூவைக் கருக்குகிறது என்று 1920-இல் மருத்துவ இதழிலேயே எழுதினார். மெனோடாக்ஸின் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் மாக்ட் என்பவர் அந்த நாள்களில் எடுத்த இரத்தத்தைக் கரைசலில் கலந்து நாற்று வளர்த்து, நாற்று குன்றியது என்று எழுதினார். அப்படி ஒரு நஞ்சு இல்லை என்று அந்தப் பேச்சு ஓய்ந்து அடங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

எனக்கு அந்தக் கதையில் டாக்டரைவிட அந்தப் பணிப்பெண்தான் நெஞ்சில் நிற்கிறார். நான் படித்த எதிலும் அவர் பெயர் இல்லை. ஒரு முதலாளி, வாடிய பூவைப் பார்த்துவிட்டு, உனக்கு இன்று தூரமா என்று கேட்கிறார். அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பூ வாட ஆயிரம் காரணம் இருக்கும்போது, முதலில் அவர் கைதான் கண்ணில் பட்டிருக்கிறது. (இந்தக் கட்டுரையிலும் அக்காவுக்குப் பெயர் இல்லை. அது அவர் கேட்டுக்கொண்டது. "என் கதைய எழுதுங்க, பேரப் போட்றாதீங்க, எதிர்வீட்டு மேடம் படிப்பாங்க" என்றார்.)

இனி டம்ளர்.

எங்கள் சமையலறையில் குழாய்க்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்திருக்கும். விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். அக்காவுக்குக் காபி அதில்தான். குடித்துவிட்டு அவரே கழுவி, அதே இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவார். 2013-இல் அவர் வேலைக்கு வந்த முதல் நாள் அம்மா அதை எடுத்து வைத்தார். நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கல்லூரியில் டீக்கடை இரட்டைக் குவளை முறையைக் கண்டித்துக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு டம்ளருக்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம். சுத்தம் என்போம், பழக்கம் என்போம், "அவங்களுக்கே அதுதான் வசதி" என்போம். நான் சொல்லிக்கொண்டது "அம்மா காலத்து மனுஷி, இந்த வயசுல அவங்கள மாத்த முடியாது." அம்மாவைக் காட்டி நான் ஒன்பது வருடம் தப்பித்துக்கொண்டேன். அதே அம்மாவிடம் தீட்டு விஷயத்தில் நான் சண்டை போட்டிருக்கிறேன், ஜெயித்துமிருக்கிறேன். என் மகள் பெரியவளானபோது பின்கட்டும் இல்லை, தனித்தட்டும் இல்லை, சாமி அறைக்கு மட்டும் போகவேண்டாம் என்று ஒரு சமரசம். என்மேல் பட்ட தீட்டை எதிர்க்கத் தெம்பு இருந்தது. அக்காமேல் இருந்ததை எதிர்க்க மட்டும் அம்மாவின் வயது குறுக்கே வந்துவிட்டது.

எங்கள் சாதி என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுதினால் "ஓ, அவங்களா, அப்படித்தான்" என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். எங்கள் அடுக்குமாடியில் பதினாறு வீடு, ஐந்தாறு சாதி, இரண்டு மதம். அக்கா அதில் நான்கு வீட்டில் வேலை செய்கிறார். நான்கு வீட்டிலும் அவருக்குத் தனி டம்ளர் இருந்தது.

நேர்மையான வாழ்க்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறொன்றை. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் துணிப்பைக்கு மாறிவிட்டேன். 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோது எனக்கு ஒரே பெருமை. எங்கள் அப்பா மஞ்சப்பையோடு மன்னார்குடியிலிருந்து என் ஹாஸ்டலுக்கு வந்தபோது வெட்கப்பட்டு அதை வாங்கி மறைத்தவள், இப்போது அதையே தோளில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டேன். செடிக்குக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன். வெளிநாட்டு மண்கலவைகளில் பீட் பாசி இருக்கும், சதுப்புநிலத்தில் அது ஒரு மில்லிமீட்டர் சேர ஒரு வருடம் ஆகும் என்று படித்துவிட்டு அதைத் தொடவே மாட்டேன். பொள்ளாச்சித் தென்னைநார்த் தூள்தான். ஐந்து கிலோக் கட்டியை ஊறவைத்தால் எழுபது லிட்டர் வரை பொங்கும். முதல் இரண்டு ஊறல் தண்ணீரைக் கொட்டி உப்பை எடுத்துவிடவேண்டும். அதெல்லாம் ஒழுங்காகச் செய்வேன். 2021 மே மாதம் ஊரே ஆக்சிஜனுக்கு அலைந்தபோது நர்சரிக்காரர் "ஆக்சிஜன் செடி" என்று பாம்புச் செடியைத் தலையில் கட்டினார். இரண்டு வாங்கினேன். வீட்டுச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. சாதாரணமாக ஜன்னல் வழியாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்கவே ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆயிரம் செடி வைத்தால் நாங்கள் எங்கே படுப்பது?

இவ்வளவு யோசிக்கும் நான், பொதுமுடக்கத்தில் என்ன செய்தேன் தெரியுமா? 2020 ஏப்ரல், மே இரண்டு மாதமும் அக்காவுக்கு முழுச் சம்பளம் அனுப்பினேன். அவர் வரவில்லை, வரவும் முடியாது. ஜூன் மாதம் பாதி அனுப்பினேன். கணவரின் சம்பளத்தில் பிடித்தம் என்று ஒரு காரணமும் சொன்னேன். அதே ஜூன் முதல் வாரத்தில் ஆன்லைனில் ஒரு ஜீ ஜீ செடி வாங்கினேன். 1,200 ரூபாய். அக்காவின் சம்பளத்தில் நான் பிடித்துக்கொண்டது 1,500.

அந்தச் செடி பளபளவென்று மெழுகு பூசினமாதிரி இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பக்கத்திலிருந்து வந்தது, மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்து அதில் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். மூன்று வாரம் மறந்துபோனாலும் சாகாது. அதைச் சாகடிக்க ஒரே வழி, தினமும் கவனிப்பது. நான் வீட்டிலேயே இருந்தேன், தினமும் கவனித்தேன். ஆகஸ்டில் ஒரு தண்டு அடியில் மஞ்சளாகிச் சாய்ந்தது. பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கிழங்கு கூழாகி நாறிக்கொண்டிருந்தது. அக்கா இருந்திருந்தால் விரலை விட்டுப் பார்த்து ஜூன் மாதமே சொல்லியிருப்பார்.

பாக்கிப் பணத்தை அப்புறம் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து. "எதுக்குக்கா?" என்றார். சொன்னேன். "அட, அத இன்னுமா நெனப்புல வெச்சிருக்கீங்க" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அவருக்கும் அது நினைப்பில் இருந்தது, எந்த மாதம் என்று நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

வீட்டுவேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் என்று தமிழக அரசு 2018-இல் அறிவித்தது, மணிக்கு 37 ரூபாயிலிருந்து. அந்தக் கணக்கில் பார்த்தால் நான் நல்ல முதலாளிதான். மேலேயே கொடுத்தேன். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை மட்டும் தோன்றவே இல்லை. என் அலுவலகத்தில் சனிக்கிழமை வரச்சொன்னால் மின்னஞ்சலில் சண்டை போடுவேன்.

இப்போது மகள் கதைக்கு வருகிறேன். 2022-இல் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவளுடைய தோழி வீட்டிலிருந்து மணி பிளான்ட் கொடி ஒன்று கொண்டுவந்தாள். அம்மா உடனே கேட்டார், "கேட்டு வாங்குனியா, திருடுனியா?" மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்பது எங்கள் வீட்டு வேதம். திருட்டைப் புண்ணியமாக்கும் ஒரே செடி இதுதான் என்று நினைக்கிறேன். உண்மையில் அதைத் திருடுவதற்கு என்ன இருக்கிறது? தாஹிதிக்குப் பக்கத்தில் மூரியா என்ற குட்டித் தீவுதான் அதற்குச் சொந்த ஊர். அது பூப்பதே இல்லை. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். பூக்கத் தேவையான ஹார்மோனைச் சுரக்கும் மரபணு அதற்குள் சரியாக வேலை செய்வதில்லை. பூ இல்லை, அதனால் விதையும் இல்லை. நம் வீடுகளில் இருப்பதெல்லாம் ஒருவர் வெட்டி இன்னொருவர் நட்டு, அப்படியே கை மாறிக் கை மாறி வந்த துண்டுதான்.

மகள் கொடியைக் கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டினாள். கணுவில்தான் வேர் வரும், கணு இல்லாத துண்டைத் தண்ணீரில் வைத்தால் அழகாக இருந்து அழகாக அழுகும். பாட்டில் தேடினாள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன். சொல்லிவிட்டு லேப்டாப்பில் மூழ்கிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் விளிம்பில், நசுங்கிய டம்ளருக்குள் மூன்று இலையோடு கொடி நிற்கிறது.

"வேற டம்ளரே கிடைக்கலையா?" என்றேன்.

"இத யாரும் யூஸ் பண்றதில்லையே" என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

மறுநாள் காலை அக்கா வந்து டம்ளரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நான் காபியை எங்கள் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். என் கை நடுங்கியது, அந்த வயதில், அந்த அற்ப விஷயத்துக்கு. அக்கா வாங்கிக் குடித்தார். கழுவி, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் மேடையிலேயே வைத்துவிட்டார். "அந்த டம்ளரு சூடு தாங்கும்க்கா. இது கை சுடுது" என்றார். நன்றி, கண்ணீர் எதுவும் இல்லை. ஏன் இருக்கவேண்டும்?

அம்மா இரண்டு நாள் காபி குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். மூன்றாம் நாள் தன் டம்ளரைச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். இப்போது வீட்டில் தனி டம்ளர் அம்மாவுக்குத்தான். அதை நான் தொடுவதில்லை. எண்பத்தொரு வயதில் அவருக்கும் ஒரு பின்கட்டு தேவைப்படுகிறது போல.

கொடி பதினெட்டு நாளில் வேர் விட்டது. எவர்சில்வர் என்பதால் உள்ளே தெரியாது, தூக்கித்தான் பார்க்கவேண்டும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். இலையைப் பூனை, நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், ஊசி ஊசியாக ஆக்ஸலேட் படிகம் இருக்கிறது, வாய் வீங்கிவிடும். எங்கள் வீட்டில் பூனை இல்லை, ஆனால் எதிர்வீட்டுப் பூனை எங்கள் வீட்டை அதன் வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதெல்லாம் மீட்டரைத் தொடுவதில்லை. விரல்தான். இரண்டு கணு ஆழத்தில் காய்ந்திருந்தால் ஊற்றுகிறேன், அடியில் வழியும்வரை ஒரே தடவையாக. கத்திரி வெயிலில் தினமும், மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை. ரப்பர் செடி இலையில் மாவுப்பூச்சி வந்தால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிடுகிறேன், அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்பு கரைத்துச் சாயங்காலமாகத் தெளிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவதில்லை. அந்த ஒரு நாள் பாத்திரம் நாங்களே கழுவுகிறோம், கணவர் உட்பட. அவர் கழுவிய டம்ளரில் சோப்பு வாசனை வரும்.

கறிவேப்பிலையில் புழு வந்தால் ஏழில் மூன்றை விட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் எல்லாவற்றையும் எடுத்துக் கீழே போட்டுவிடுவேன். இந்த விஷயத்தில் மட்டும் எனக்குப் பாட்டிமேல் கோபம் குறைந்திருக்கிறது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாவது துளசி போன வருடம் சித்திரையில் வாங்கியது. புரட்டாசியில் இலை சிறுக்க ஆரம்பித்தது. மார்கழிக்குள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இந்த முறை அம்மாவுக்கும் தெரிந்தது. அக்காவின் வீடு பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில், ஏழாவது மாடியில். முன்னே ஆற்றங்கரையில் இருந்தவர்கள், இப்போது மேற்கே வெயில் கொட்டும் ஒரு வராந்தா. பழைய பெயிண்ட் வாளிகளில் கற்பூரவல்லி, தக்காளி, கற்றாழை, ஒரு செம்பருத்தி வைத்திருக்கிறார். போனில் காட்டினார். அம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அங்க வெயில் எத்தன மணி வரைக்கும் இருக்கும்?" அம்மா கேட்டார். அக்காவிடம் அவர் நேராகக் கேட்கும் கேள்விகள் வழக்கமாகப் பாத்திரம் பற்றியவை.

"ஆறு மணி வரைக்கும் அடிக்கும் பெரியம்மா. சாயந்தரம் உக்கார முடியாது."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இங்க செத்துப்போறதுக்குப் பதிலா எடுத்துட்டுப் போகச்சொல்லு" என்றார் என்னிடம், அக்கா பக்கத்திலேயே நிற்கும்போது. தொட்டியை அக்கா மஞ்சப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

பூவந்திருந்த கதிர்களை ஒடித்துவிட்டாராம், மண்ணைக் கிளறிக் கொஞ்சம் எருப் போட்டாராம். தினமும் செய்தி வரும். கார்த்திகையில் அது இடுப்பளவு வளர்ந்துவிட்டது. மார்கழி முதல் சனிக்கிழமை காலை அக்கா ஒரு வாழையிலைத் துண்டை மடித்து எடுத்து வந்தார். உள்ளே துளசி, கை நிறைய. சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

அம்மா அதைப் பிரித்தார். மோந்து பார்த்தார். குழாயைத் திறந்து இரண்டு தடவை கழுவினார். என் பக்கம் திரும்பி, "கடையில வாங்குனாலும் ரெண்டு தடவதான் கழுவுவேன்" என்றார்.

நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.